பிரேக்கை முழுமையாக மிதித்ததுண்டா? – வாசகர் கேள்வி பதில்

இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னைப் பந்தயத் தடத்தில் இரண்டு நாள் கார் ஓட்டும் பயிற்சி பெற்றதைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து எழுதிய வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழ் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, மாங்கூழ் வியாபாரம் தொடர்பாக மாதம் இருமுறை காரில் சென்னை சென்று வருகிறேன். வயது 41. பந்தயத் தடத்தில் நடக்கும் பயிற்சிக்கு நண்பர்கள் அழைக்கிறார்கள். "வேகமாக ஓட்டுவதற்குப் பணம் கட்டிப் படிக்க வேண்டுமா? அந்த வேகம் நம் குடும்பத்துக்கு எதற்கு?" என்று என் மனைவி கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? – கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: உங்கள் மனைவியின் கேள்வி மிகவும் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் முன் உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் காரின் பிரேக்கை ஒரு முறையாவது முழு பலத்தையும் கொடுத்துக் கடைசி வரை மிதித்திருக்கிறீர்களா? இருபது ஆண்டுகளாக ஓட்டுபவர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் "இல்லை" என்றே சொல்வார்கள். எனக்கும் அதுவரை அந்த அனுபவம் இருந்ததில்லை. முதல் நாள் காலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சென்று, கூம்பு வைத்திருந்த இடத்தில் முழு பிரேக் போடச் சொன்னார்கள். மிதித்த உடனே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு வேலை செய்து, பெடல் காலடியில் படபடவென்று துடித்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து என் கால் தானாகவே தளர்ந்தது. நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி வெகுதூரம் சென்ற பிறகே கார் நின்றது. அந்தத் துடிப்பு இயல்பானது என்பதும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகப் பிரேக் நொடிக்குப் பல முறை தானே விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்பதும் எனக்குப் புத்தக அறிவாகத் தெரிந்தவைதான். ஆனால் என் காலுக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான்காவது முறைதான் கால் அசையாமல் நின்றது. அதன் பிறகு, முழு பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கூம்பை விட்டு விலகச் சொல்லிப் பழக்கினார்கள். ஏபிஎஸ் இருப்பதன் பெரும்பயனே அதுதான். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும் கார் எவ்வளவு திருப்பினாலும் திரும்பாது.

இனிக் கணக்கைப் பாருங்கள். உலர்ந்த நல்ல சாலையில், நல்ல டயர்களோடு, 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் முழு பிரேக்கில் நிற்க ஏறத்தாழ 31 மீட்டர் தேவை, 100 கி.மீ. வேகத்தில் 48 மீட்டர் தேவை. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குச் செல்வதற்குள் கழியும் ஒரு நொடியில் முதல் கார் 22 மீட்டரும் இரண்டாவது கார் 28 மீட்டரும் ஓடியிருக்கும். இரண்டையும் கூட்டினால் 53 மீட்டரும் 76 மீட்டரும் ஆகின்றன. வேலூர் அருகே உங்கள் முன்னால் 53 மீட்டர் தொலைவில் ஒரு மாடு சாலையில் இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 80-இல் வந்த கார் மாட்டின் அருகே நின்றுவிடும். 100-இல் வந்த கார், முழு பிரேக்கில் இருந்தாலும், அந்த இடத்தை ஏறத்தாழ 70 கி.மீ. வேகத்தில் கடக்கும். இந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் தாளில் பார்த்திருந்தும் நான் 110-இல் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். கூம்புக்கும் கார் நின்ற இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நடந்தே அளந்து பார்த்த பிறகு என் வேகம் குறைந்தது. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். அவரும் கார் ஓட்டுபவராக இருந்தால் அவரையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள்.

தடத்துக்குச் செல்லும் வழி உங்களுக்குப் பழகியதே. சென்னை செல்லும் அதே 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வாணியம்பாடி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் கடந்து, ஏறத்தாழ 220 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இந்தத் தடத்தைத் திறந்தது. ஒரு சுற்று 3.7 கி.மீ.; 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. நீளமுள்ள சிறிய தடம். தருமபுரிக்காரர்கள் சேலம், ஈரோடு வழியாக அங்கும் செல்லலாம். பயிற்சி முடிந்த அன்றே காரை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டாம்; அன்றைக்கு உடல் களைத்திருக்கும், கண்ணும் வேகத்துக்குப் பழகியிருக்கும். இரவு தங்கிவிட்டுக் காலையில் புறப்படுங்கள்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தருமபுரியிலிருந்து தொப்பூர் வழியாக நாள்தோறும் சிறிய கார் ஒன்றில் சென்று வருகிறேன். மழைக்காலத்தில் கணவாயில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பயமாக இருக்கிறது. இந்தப் பயிற்சி என் பயத்தைப் போக்குமா? பெரிய கார்கள் வரும் இடத்தில் என் காரை ஏளனமாகப் பார்ப்பார்களா? – தருமபுரி வாசகி

பதில்: சகோதரி, சிறிய காரே கற்பதற்கு நல்லது என்று என் பயிற்றுநர் முதல் வகுப்பிலேயே சொன்னார். அதிக சக்தியுள்ள கார் வளைவில் செய்த தவற்றை நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரால் மறைத்துவிடும். சக்தி குறைந்த காரில் வளைவில் இழந்த வேகம் இழந்ததுதான் என்பதால் தவறு எங்கே நேர்ந்தது என்பது உடனே தெரிந்துவிடும். தயங்காமல் செல்லுங்கள்.

உங்கள் பயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பு ஒரு படி அரிசியைப் போன்றது. அந்த ஒரு படியைத்தான் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பங்கிட வேண்டும். நேராகச் செல்லும்போது முழுவதையும் பிரேக்குக்குக் கொடுக்கலாம். வளைவின் நடுவில் பெரும்பகுதி திருப்புவதற்கே செலவாகிவிடுவதால், அங்கே பயந்து பிரேக்கை அழுத்தினால் கொடுப்பதற்கு மிச்சம் இருக்காது. மழை பெய்தால் படியே சிறுத்துவிடுகிறது. முன்சக்கர இயக்கமுள்ள உங்கள் கார் அப்போது ஸ்டீயரிங் சொன்ன பக்கம் திரும்பாமல் வெளிப்புறமாக நழுவும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை மேலும் மேலும் திருப்பவே கை துடிக்கும். அது நழுவலைக் கூட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, திருப்பியதைச் சற்றே தளர்த்தினால் முன்டயர்கள் மீண்டும் பிடிக்கும். தண்ணீர் தெளித்த தளத்தில், மோதுவதற்கு எதுவும் இல்லாத வெளியில், இதைக் குறைந்த வேகத்தில் செய்து பார்க்க வைக்கும் பயிற்சி உண்டா என்று பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்தப் பகுதிதான்.

பயம் முழுவதும் போகாது, போகவும் கூடாது. ஆனால் வேகத்தைக் குறைக்கும் வேலையை வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே, முடித்துவிடும் பழக்கம் வந்துவிட்டால் நீங்கள் இப்போது நடுவளைவில் உணரும் அந்தத் திடுக்கிடல் வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணின் பழக்கமும் அப்படியே. பயப்படும்போது நாம் எதன் மீது மோதிவிடுவோமோ என்று அஞ்சுகிறோமோ அதையே பார்க்கிறோம், கையும் கண் போன திசையிலேயே காரைச் செலுத்துகிறது. வளைவின் வெளியேறும் பக்கத்தைத் தேடிப் பார்க்கும்படி பயிற்றுநர் பக்கத்து இருக்கையிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்.

கேள்வி: பயிற்சிக்கு முன் காரில் என்னென்ன சரிபார்க்க வேண்டும்? டயரை மாற்றினால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக். – ஓசூர் வாசகர்

பதில்: டயர் முக்கியம்தான். ஆனால் அதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். என் அனுபவத்தால் இதை அழுத்திச் சொல்கிறேன். என் கார் சர்வீஸிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எல்லாம் சரிபார்த்ததாகச் சீட்டிலும் எழுதியிருந்தது. இரண்டாம் நாள் மதியம், ஐந்தாவது சுற்றில், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சு போல உள்ளே போனது. பயிற்றுநர் நிதானமாக, "விட்டுவிட்டு மிதியுங்கள், கியரைக் குறையுங்கள்" என்றார். தடத்தின் ஓரத்தில் மண்வெளி இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பிறகு விசாரித்தபோது, நான்கு ஆண்டுகளாக அந்த ஆயில் மாற்றப்படவே இல்லை என்று தெரிந்தது.

காரணம் எளிது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது அதன் தர விதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால், காலின் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். பிரேக் பேடுக்குச் செல்லாது. 1,200 கிலோ எடையுள்ள கார் 120 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் குறையும் ஒவ்வொரு முறையும், ஒன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் பிரேக்குகளில் இறங்குகிறது. ஊர்ச்சாலையில் அடுத்த பிரேக் வருவதற்குள் அது ஆறிவிடும். தடத்தில் சில நொடிகளில் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

ஆகவே புதிய ஆயில், பாதிக்கு மேல் தடிப்புள்ள பேடுகள், அதன் பிறகே டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். காற்றழுத்தத்தைக் காலையில் குளிர்ந்த நிலையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; ஓடிச் சூடானதும் அழுத்தம் ஏறும் என்பதால் எவ்வளவு குறைப்பது என்பதைப் பயிற்றுநரிடம் கேட்டுச் செய்யுங்கள். சக்கர நட்டுகளை முறுக்கிச் சரிபாருங்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில், ஓட்டுநர் பக்கத்து மிதியடி, டேஷ்போர்டில் வைத்த சாமி சிலை உட்பட அசையக்கூடிய எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். உருண்டு வந்த பாட்டில் பெடலுக்கு அடியில் சிக்கினால் பிரேக் இருந்தும் இல்லாததாகிவிடும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடுங்கள், நிறுத்திய பின் கைபிரேக் போடாமல் கியரில் விட்டுவையுங்கள். பருத்தி உடை, அடிப்பாகம் மெல்லிய காலணி, முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசம் போதும்.

கேள்வி: தடத்தில் வளைவை வெளிப்புறமிருந்து தொடங்கி, உள்ளே ஒட்டி, மீண்டும் வெளியே வர வேண்டும் என்று காணொளிகளில் பார்த்தேன். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில் விடியற்காலையில் வண்டி அதிகம் இருக்காது. அங்கே இதைப் பழகலாமா? – பாலக்கோடு வாசகர்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் கோடு வளைவின் ஆரத்தைப் பெரிதாக்கி, அதே பிடிப்பில் கூடுதல் வேகத்தில் செல்ல உதவுகிறது என்பது உண்மை. அது செல்லுபடியாவதற்குச் சாலையின் முழு அகலமும் உங்களுக்கே உரியதாக இருக்க வேண்டும், எதிரே எவரும் வரக்கூடாது. தடத்தில் ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஒருவர் நின்று, முன்னே நடப்பதைப் பார்த்துச் சொல்கிறார். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தளம் வழுக்குகிறது. ஒகேனக்கல் பாதையில் வளைவுக்கு அப்பால் விறகுச்சுமையோடு ஒரு பெண்மணி நடந்து வருகிறார் என்று உங்களுக்கு யார் கொடி காட்டுவார்கள்? பொதுச்சாலையில் வேகப் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

தடத்திலிருந்து அந்த மலைப்பாதைக்கு எடுத்துச் செல்லத் தக்கது ஒன்று உண்டு. உங்கள் பாதிக்குள்ளேயே இருந்துகொண்டு, வளைவின் மறுபுறம் கண்ணுக்குத் தெரியும் வரை உள்ளே திரும்ப அவசரப்படாமல் இருப்பது. எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதில் பாதிக்குள் நிறுத்திவிட முடிகிற வேகமே அந்தக் குறுகிய பாதையில் சரியான வேகம். எதிரே வருபவருக்கும் மீதிப் பாதி வேண்டுமல்லவா?

கேள்வி: தடத்தில் கார் சேதமடைந்தால் காப்பீடு கிடைக்குமா? – காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: கிடைக்கும் என்று நம்பிச் செல்லாதீர்கள். நம் நாட்டுத் தனிநபர் கார் பாலிசிகளில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை முதலியவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று எழுதியிருக்கும். பயிற்சி பந்தயம் அல்ல என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தைச் சேதத்துக்குப் பிறகு தொடங்குவதில் பயனில்லை. முன்னதாகவே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். பயிற்சி நடத்துவோர் தரும் பொறுப்புத்துறப்புப் படிவத்தையும் படித்த பின்பே கையெழுத்திடுங்கள். தடத்தின் தடுப்பு சேதமானால் யார் செலவு என்பதும் அதில் இருக்கும். சொந்தக் காரைப் பணயம் வைக்க மனமில்லாவிட்டால், நடத்துவோரே கார் கொடுக்கும் பயிற்சியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. 200 சிசி பைக் வைத்திருக்கிறான். பைபாஸ் சாலையில் நண்பர்களோடு வேகம் போகிறான் என்று கேள்விப்படுகிறோம். "பந்தயப் பயிற்சிக்கு அனுப்புங்கள்" என்று கேட்கிறான். அனுப்பினால் இன்னும் கெட்டுப்போவானோ என்று அவன் அம்மா அஞ்சுகிறாள். – ஓசூர் வாசகர்

பதில்: அந்தத் தாயின் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவன் ஏற்கெனவே வேகம் போகிறான். யாரும் சொல்லித்தராமல், லாரிகளுக்கு நடுவே, ஜீன்ஸ் பேன்ட்டும் செருப்புமாகப் போகிறான். தடத்தில் தோலுடை, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். நீங்கள் இருக்கும் ஓசூரிலேயே டிவிஎஸ் ஆலை இருக்கிறது; அந்நிறுவனத்தின் பந்தய அணி நாட்டின் மூத்த அணிகளுள் ஒன்று. 1980-இல் அமெரிக்காவில் கீத் கோட் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியும் இருங்காட்டுக்கோட்டையில் வகுப்புகள் நடத்தியிருக்கிறது. அத்தகைய வகுப்புகளில் பாடம் ஆக்சிலரேட்டரைச் சீராகத் திறப்பதிலிருந்து தொடங்குகிறது. இடப்பக்கம் சாய வேண்டுமானால் இடக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும் என்பதை அங்கேதான் பலர் முதன்முதலாக அறிந்து செய்கிறார்கள். தினமும் அறியாமல் செய்துகொண்டிருப்பதுதான். ஆனால் அறியாமல் செய்பவன் திடீரென்று நாய் குறுக்கே வரும்போது உறைந்துவிடுகிறான்.

ஒரு நிபந்தனையோடு அனுப்புங்கள். பயிற்சிக்கு நீங்களும் உடன் சென்று ஓரத்தில் நின்று பாருங்கள். சுற்று நேரத்தைக் கடிகாரம் சொல்லிவிடுவதால், பைபாஸில் தன்னை வேகக்காரன் என்று எண்ணியிருந்தவன் தன் நிலையை அங்கே தெளிவாகத் தெரிந்துகொள்வான். உண்மையிலேயே திறமை இருந்தால், இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம் பெற்று முறையான போட்டிகளில் இறங்கலாம். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானதும் தடங்களில் பழகித்தான். ஆனால் பைபாஸ் ஓட்டம் தொடர்ந்தால் வண்டிச் சாவி உங்களிடம் திரும்பிவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 16 வருடமாக லாரி ஓட்டுகிறேன். காரும் பைக்கும் வைத்திருப்பவர்களுக்கே எழுதுகிறீர்கள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தடத்துப் பாடம் எங்களுக்கு ஏதாவது உதவுமா? – அரூர் வாசகர்

பதில்: உங்கள் குறை சரியானது; இந்தக் கேள்வியை நான் முதலில் வைத்திருக்க வேண்டும். பந்தயத் தடத்துப் பயிற்சி லாரிக்கு ஏற்றதல்ல. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையம் போன்ற இடங்களே உங்களுக்குப் பொருந்தும். ஆனால் என் காரில் பெடல் பஞ்சானதற்கும் தொப்பூரில் லாரி நிற்காமல் போவதற்கும் மூலகாரணம் வெப்பமே. 30 டன் எடையோடு ஒரு லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அத்தனையும் பிரேக்குக்கே போனால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடாகி விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூவை விட்டு விலகும், ஷூவின் மேலுள்ள லைனிங் தன் உராய்வை இழக்கும். எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு வராது. திரும்பத் திரும்ப மிதித்தால் பிரேக்கை இயக்கும் டாங்கில் உள்ள காற்றும் தீரும். அந்த வெப்பத்தில் பெரும்பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் தாழ்ந்த கியரும், இன்ஜின் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும்.

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய மின்னணு இன்ஜின்களில் அந்த மிச்சமும் பொய். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடுகிறது, நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் செலவாகிறது. தருமபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது, சரிவு தொடங்கும் முன்பே, சமதளத்திலேயே, வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்கிவிடுங்கள். பாதிச் சரிவில் வேகம் ஏறிய பின் கியரை மாற்ற முயன்றால் அது விழாமல் நியூட்ரலிலேயே நின்றுவிடக்கூடும். உங்களோடு வரும் கிளீனர் தம்பிக்கும் இதைக் காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள். நாளை அவர்தான் அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கப்போகிறார்.